திருவிழா முகாமில் பிபி சத்தம் கேட்கவில்லை என்றால்

ஸ்டெதஸ்கோப்பில் கேட்பதை விட்டுவிட்டு நாடியைத் தொட்டுப் பாருங்கள். மணிக்கட்டில் விரல் வைத்தபடி கஃபில் (மேற்கையில் சுற்றும் பிபி பட்டையில்) காற்றை ஏற்றுங்கள். துடிப்பு நின்றதும் மீட்டரில் இன்னும் 30 எண் ஏற்றி, மெதுவாக இறக்குங்கள். விரலடியில் துடிப்பு திரும்பும் எண்தான் சிஸ்டாலிக், அதாவது பிபியின் மேல் எண். "110, நாடி முறை" என்று எழுதுங்கள். கீழ் எண் இதில் கிடைக்காது. ஊகித்து எழுதிவிடாதீர்கள், பாவம் நோயாளி.

அழகர் ஆற்றில் இறங்கும்போது அத்தனை மேளத்துக்கு நடுவே யாருக்கும் கேட்காது. உங்கள் கையில் குறையில்லை. அப்புறம், ஸ்டெதஸ்கோப்பின் காதுமுனைகள் மூக்குப் பக்கம் சாய்ந்திருக்கின்றனவா என்று ஒருமுறை பாருங்கள்.

ஆனால் உடம்பு கொதித்து, பேச்சு குழறும் பக்தர் வந்தால் பிபிக்காகக் காத்திருக்காதீர்கள். நிழலில் கிடத்தி, உடம்பெல்லாம் தண்ணீர் ஊற்றி விசிறுங்கள். கூட இருப்பவரை உடனே 108-ஐ அழைக்கச் சொல்லுங்கள்.