சி.ஓ.பி.டி.யும் மனப் படபடப்பும்: கேள்வி பதில்

கேள்வி: அப்பாவுக்கு 68 வயது, சி.ஓ.பி.டி. என்ற நாள்பட்ட நுரையீரல் அடைப்பு நோய். ராத்திரியில் மூச்சே நின்றுவிடும் போல இருக்கிறது என்று பதறி எழுகிறார். ரத்தத்தில் ஆக்சிஜன் அளவைப் பார்க்கும் ஆக்சிமீட்டர் 93 சதவீதம் காட்டுகிறது. இது நோயா, பயமா சார்?

பதில்: இரண்டும்தான். இந்த நோயில் மூச்சை இழுப்பதைவிட விடுவதுதான் பெரும்பாடு. பயத்தில் வேகமாக வாங்கும்போது, உள்ளே போன காற்று வெளியேறுவதற்குள் அடுத்த மூச்சு வந்துவிடும். நெஞ்சில் காற்று தேங்கும், திணறல் கூடும், பயமும் கூடும். 93 அவருக்கு நல்ல அளவே. அதற்காக "ஒன்றுமில்லை, படுங்கள்" என்று சொல்லிவிடாதீர்கள், திணறல் நிஜம்.

கட்டில் ஓரத்தில் உட்காரவைத்து, முன்னால் சாய்ந்து முழங்கைகளைத் தொடையில் ஊன்றச் சொல்லுங்கள். மூக்கால் 2 எண்ணும்வரை இழுத்து, உதட்டைக் குவித்து 4 எண்ணும்வரை விட வேண்டும். விளக்குச் சுடர் ஆட வேண்டும், அணையக் கூடாது, அவ்வளவு மெதுவாக. சின்ன பேட்டரி ஃபேனை முகத்துக்கு நேராகப் பிடித்தால் திணறல் உணர்வு குறையும். "நல்லா இழுங்கப்பா" என்று மட்டும் சொல்லாதீர்கள். இதையெல்லாம் பகலில், நன்றாக இருக்கும்போதே பழக்க வேண்டும்.

கால் வீங்கி, படுத்தால் மட்டும் திணறினால் இதயத்தையும் பார்க்க வேண்டும். உதடு நீலம், குழப்பம், எழுப்பினாலும் விலகாத மயக்கம் என்றால் உடனே ஆஸ்பத்திரி.

கேள்வி: தூங்க அல்பிரசோலம் மாத்திரை பாதி கொடுக்கலாமா?

பதில்: நீங்களாகக் கொடுக்காதீர்கள். கரியமில வாயு தேங்குகிறவர்களுக்கு அது மூச்சையே மட்டுப்படுத்திவிடும்.

கேள்வி: மூச்சை வேகவேகமாக வெளியே தள்ளும் கபாலபாதி செய்தால் பயம் போகுமாமே?

பதில்: வேண்டாம். வேகமாகச் செய்தால் காற்று இன்னும் தேங்கும்.

கேள்வி: பிராணாயாமத்தையே பழிக்கிறீர்களே! என் மாமா பத்து வருஷமாகச் செய்கிறார்.

பதில்: மாமாவுக்கு ஸ்பைரோமெட்ரி என்ற ஊதிப் பார்க்கும் நுரையீரல் பரிசோதனை எடுத்து சி.ஓ.பி.டி. என்று சொன்னார்களா? இல்லையென்றால் அவர் கணக்கு வேறு.

கேள்வி: அவருக்கு நோய் இல்லை. ஆனாலும் மூச்சுப் பயிற்சி எல்லாருக்கும் பொதுதானே?

பதில்: இல்லை. விடும் மூச்சை நீட்டுவது உதவும். அந்த வகையில், வண்டுபோல ரீங்கரித்தபடி மூச்சை விடும் பிரமரியை மெதுவாகச் செய்யலாம். துருத்திபோல வேகமாக மூச்சு வாங்கி விடும் பஸ்திரிகாவும் மூச்சை அடக்கும் கும்பகமும் கூடாது. பழித்தது பிராணாயாமத்தை அல்ல, வேகத்தை.

கேள்வி: மூச்சுக்குழாயை விரிக்கும் தியோபிலின் மாத்திரை சாப்பிடுகிறேன். சிகரெட்டை விட்டபின் கை நடுக்கம், படபடப்பு, தூக்கமில்லை. மனநோயா?

பதில்: முதலில் மாத்திரையைச் சந்தேகியுங்கள். அது காபியில் இருக்கும் கஃபீனின் பங்காளி. சிகரெட் புகை அதை உடம்பிலிருந்து சீக்கிரம் கழித்துவிடும்; புகையை நிறுத்தினால் அதே அளவு மாத்திரை ரத்தத்தில் ஏறி நிற்கும். சிப்ரோஃப்ளாக்சசின் என்ற ஆன்டிபயாடிக் சேர்ந்தாலும் அப்படித்தான். டாக்டரிடம் சொல்லி அளவைக் குறையுங்கள், சிகரெட்டுக்குத் திரும்பாதீர்கள். வாந்தியும் சேர்ந்தால் அன்றே போங்கள்.

கேள்வி: மனச்சோர்வுக்குக் கொடுத்த செர்ட்ராலின் அடிமையாக்குமா? ஒரு வாரமாகப் பலனே இல்லை.

பதில்: அடிமையாக்காது. பலன் தெரியவே 2 முதல் 4 வாரம் ஆகும். சட்டென்று நிறுத்தாதீர்கள்.

கேள்வி: சித்தப்பாவுக்கு வீசிங். மெடிக்கல் ஷாப்பில் தூக்க மாத்திரை...

பதில்: மேலே அல்பிரசோலம் பற்றிச் சொன்னதைப் படியுங்கள். பாதியும் வேண்டாம், காலும் வேண்டாம்.

கேள்வி: அம்மா ஆக்சிஜன் போட்டுக்கொண்டு, "இனி இருந்து என்ன" என்கிறார்.

பதில்: புலம்பல் என்று விட்டுவிடாதீர்கள். சாக நினைக்கிறாரா என்று நேராகவே கேளுங்கள். கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக வராது. ஆம் என்றால் தனியாக விடாமல், மாத்திரைகளை எடுத்து வைத்துவிட்டு, இப்போதே 14416க்கு அழையுங்கள். அது டெலி மானஸ் என்ற அரசு மனநல உதவி எண், 24 மணி நேரமும் உண்டு, தமிழில் பேசலாம்.