மண்டி முன்பணமா, நகைக்கடனா? முதலில் பட்டாவைப் பாருங்கள்

கேள்வி: கொடைக்கானல் மேல்மலையில் ஒன்றரை ஏக்கரில் மலைப்பூண்டு போடுகிறோம். விதைக்கும் கூலிக்கும் மண்டிக்காரரிடம் 1 லட்சம் ரூபாய் முன்பணம் வாங்குவோம். வட்டி கிடையாது. ஆனால் சரக்கை அவருக்கே போட வேண்டும், கிலோவுக்கு 10 ரூபாய் குறைத்து எடுப்பார். போகத்துக்குச் சுமார் 3,000 கிலோ வரும். நகையை அடகு வைத்து இதிலிருந்து வெளியே வரலாமா? பட்டா இறந்துபோன மாமனார் பெயரிலேயே இருக்கிறது.

பதில்: வரலாம், வந்தே ஆக வேண்டும். 3,000 கிலோவுக்கு 10 ரூபாய் என்றால் போகத்துக்கு 30,000 ரூபாய் போகிறது. இதே 1 லட்சத்தை அடகுக்கடையில் இரண்டு வட்டிக்கு வாங்கினால்கூட ஆறு மாதத்துக்கு 12,000 ரூபாய்தான். வட்டியில்லாத கடன் என்று நீங்கள் நம்பியதுதான் இருப்பதிலேயே விலை கூடிய கடன்.

ஆனால் நகைக்கடன் இந்த ஒரு போகத்துக்கு மட்டும் போதும். அதையும் தொடக்க வேளாண்மைக் கூட்டுறவுக் கடன் சங்கத்திலோ வங்கியிலோ வையுங்கள். பூண்டு விலை சரிந்தாலும் மீட்கக்கூடிய அளவுக்கு வைத்தால் போதும். மண்டிக் கணக்கைத் தீர்த்ததும் பாக்கி இல்லை என்று எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

அடுத்த போகத்துக்குள் பட்டா மாற வேண்டும்; இனிச் சொல்லும் கடன், மானியம் எல்லாம் அதை வைத்துத்தான். கூட்டுறவுச் சங்கத்தில் பயிர்க்கடனைக் கெடுவுக்குள் கட்டினால் தமிழ்நாட்டில் வட்டியே இல்லை. வங்கியின் கிசான் கிரெடிட் கார்டில் 3 லட்சம் வரை 7 சதவீத வட்டி; தவணை தவறாமல் கட்டினால் 4 சதவீதம்தான். 2025 ஜனவரி முதல் 2 லட்சம் வரை அடமானமும் தேவையில்லை. சொட்டுநீர், தெளிப்புநீர்ப் பாசனத்துக்குச் சிறு, குறு விவசாயிகளுக்கு 100 சதவீத மானியம் உண்டு. மத்திய அரசு விவசாயிகளுக்கு உதவித்தொகை தரும் பி.எம். கிசான் திட்டத்தில் ஆண்டுக்கு 6,000 ரூபாய். 2019 பிப்ரவரிக்குப் பிறகு நிலம் கைமாறியிருந்தால் அதில் சேர முடியாது என்றாலும், வாரிசாக வந்த நிலத்துக்கு விலக்கு இருக்கிறது. மாமனார் கணக்கில் இன்னும் அந்தப் பணம் ஏறிக்கொண்டிருந்தால் உடனே நிறுத்தச் சொல்லி எழுதிக் கொடுங்கள். பின்னால் திருப்பிக் கேட்பார்கள்.

இறப்புச் சான்றிதழ், வாரிசுச் சான்றிதழ் இரண்டையும் எடுத்துக்கொண்டு இ-சேவை மையத்தில் விண்ணப்பியுங்கள். மாமனார் சுயமாகச் சம்பாதித்த நிலம், உயிலும் எழுதவில்லை என்றால் இந்து வாரிசுரிமைச் சட்டப்படி மாமியார், உங்கள் கணவர், கொழுந்தன்மார், நாத்தனார் எல்லாருக்கும் சம பங்கு. நாத்தனாரை விட்டுவிட்டு எழுதலாம் என்று யாராவது யோசனை சொன்னால் கேட்காதீர்கள். பத்து வருடம் கழித்து வழக்காக வந்து நிற்கும். முதலில் எல்லார் பெயரிலும் கூட்டுப் பட்டா வாங்குங்கள். பங்கு வேண்டாம் என்பவர்கள் விடுதலைப் பத்திரம் எழுதிப் பதிவு செய்து கொடுக்கட்டும்.

இதில் எனக்கு ஆறாத வருத்தம் ஒன்று உண்டு. மேல்மலையில் பூண்டு நடுவது, களை எடுப்பது, காயவைப்பது எல்லாம் பெரும்பாலும் பெண்கள்தான். திட்டங்களோ பட்டாவில் பெயர் உள்ளவரைத்தான் விவசாயி என்கின்றன. மருமகள் பெயர் அதில் தானாக ஏறாது. கணவர் சம்மதித்தால் அவர் பங்கில் ஒரு பகுதியை உங்கள் பெயருக்கு எழுதி வாங்குங்கள். இதைக் கேட்கக் கூச்சமே வேண்டாம்.

அப்புறம், வடுகபட்டிப் பூண்டுச் சந்தையில் விலை ஏறுகிறது என்று விதைக்கு வைத்த பூண்டையும் சேர்த்து விற்றுவிடாதீர்கள். விதை கையில் இருந்தால் அடுத்த போகத்துக்கு வாங்க வேண்டிய கடனில் பெரும்பகுதி குறையும். பயிர்க்கடன் வாங்கும்போது உங்கள் பிர்க்காவில் (சில கிராமங்கள் சேர்ந்த வருவாய்க் குறுவட்டம்) பூண்டுக்குப் பயிர்க் காப்பீடு அறிவித்திருக்கிறார்களா என்று கேளுங்கள். இருந்தால் தோட்டப்பயிருக்கு உங்கள் பங்குப் பிரீமியம் அதிகபட்சம் 5 சதவீதம். கடைசித் தேதிக்கு முன்பே கட்டிவிடுங்கள்.