கொச்சிக் கம்பெனிகளும் விசுவமடுப் பிள்ளையின் இரசாயனவியல் 'பி'யும்

அண்ணை, நீங்கள் எழுதியதை இரண்டு தரம் வாசித்தேன். மகள் உயர்தரத்தில் இரசாயனவியல் பி, உயிரியல் சி, பௌதிகவியல் எஸ் (சாதாரண சித்தி) எடுத்திருக்கிறாள், பல்கலைக்கழக அனுமதிக்குப் பார்க்கிற இசட் புள்ளி மருத்துவப் பக்கம் எட்டாது. யாரோ ஒரு ஏஜென்சிக்காரர் வந்து, கொச்சியில் மிளகு, ஏலம் மாதிரி வாசனைத் திரவிய ஏற்றுமதிக் கம்பெனிகள் நிறைய இருக்கின்றன, ஆறு மாத டிப்ளோமா செய்தால் உள்ளே வேலை நிச்சயம் என்கிறார். தோட்டக் காணியை ஈடு வைக்கலாமா என்று யோசிக்கிறீர்கள், அதற்கு முன் அங்கே முன்னணிக் கம்பெனிகள் எவை என்று என்னிடம் கேட்கிறீர்கள். காணியை ஈடு வைக்காதீர்கள். அதை முதலில் சொல்லிவிட்டேன், மிச்சத்தை ஆறுதலாக வாசியுங்கள்.

பெயர்கள் கேட்டீர்கள், தருகிறேன், ஒளிக்க ஒன்றுமில்லை. சிந்தைட் என்றொரு கம்பெனி, 1972இல் கோலஞ்சேரியில் தொடங்கியது, வாசனைத் திரவியச் சாறு எடுப்பதில் உலக அளவில் பெரிய பெயர். அதே கோலஞ்சேரிப் பக்கத்தில் பிளான்ட் லிப்பிட்ஸ். அங்கமாலியில் கான்கோர், இப்போது அது பிரான்ஸ் நாட்டு மானே கம்பெனியோடு சேர்ந்தது. ஏ.வி.டி. மெக்கார்மிக், இந்தியக் குழுமமும் அமெரிக்காவின் மெக்கார்மிக்கும் கூட்டாக நடத்துவது. மசாலாத் தூளில் ஈஸ்டர்ன், அதன் பெரும்பங்கை நோர்வேயின் ஓர்க்லா வாங்கிவிட்டது (நோர்வே என்றதும் உங்களுக்குச் சமாதானப் பேச்சு ஞாபகம் வரும், இது கறித்தூள் வாங்கின நோர்வே). இவை எல்லாவற்றுக்கும் மேலே, இந்திய அரசின் ஸ்பைசஸ் போர்டும், அதாவது வாசனைத் திரவியச் சபையும், கொச்சியில்தான் இருக்கிறது, 1987இல் அமைத்தது. அதில் பதியாமல் இந்தியாவில் இருந்து யாரும் வாசனைத் திரவியம் ஏற்றுமதி செய்ய முடியாது. அதனால் ஏஜென்சிக்காரர் காட்டும் கம்பெனி உண்மையில் ஏற்றுமதிக் கம்பெனிதானா என்று பார்க்க வேண்டுமென்றால், அவர்களின் பதிவு இலக்கத்தைக் கேளுங்கள். அவர் முகம் எப்படிப் போகிறது என்று பார்த்தாலே பாதி விளங்கும்.

சரி, பெயர் கிடைத்துவிட்டது. இனி என்ன செய்வீர்கள்? இந்தப் பட்டியல் ஒரு இறக்குமதி வியாபாரிக்குப் பிரயோசனம். பதினெட்டுப் பத்தொன்பது வயதுப் பிள்ளைக்கு, ஒரு கம்பெனி எவ்வளவு பெரியது என்பதைவிட, அதன் கதவுக்கு உள்ளே யார் என்ன வேலை செய்கிறார்கள் என்பதுதான் தேவை. அதை யாரும் சொல்வதில்லை, அதனால் நான் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

கொச்சி என்றால் எங்கள் ஆட்களுக்கு முதலில் கொச்சிக்காய்தான், அதாவது மிளகாய்தான், ஞாபகம் வரும். அந்தத் துறைமுகம் வழியாக வந்ததால் அந்தப் பெயர் என்று சொல்வார்கள். ஆனால் இன்றைய கொச்சியின் பலம் மிளகாய் இல்லை. மிளகாய்க்கு ஆந்திராவின் குண்டூர். கொச்சிக்கு மிளகு, ஏலம், இஞ்சி, அதோடு சாறு. மட்டாஞ்சேரியில் இப்போதும் பழைய சரக்குக் கிட்டங்கிகள் இருக்கின்றன, மிளகு விலை பேசும் வியாபாரிகள் சங்கம் இருக்கிறது, உல்லாசப் பயணிகள் போய்ப் படம் எடுப்பார்கள். பெரிய கம்பெனிகளின் பணம் அங்கே இல்லை. நகரத்தை விட்டு உள்ளே போனால், கோலஞ்சேரி, அங்கமாலிப் பக்கங்களில், மிளகை அரைத்துக் கரைப்பானில் ஊறவைத்து, பிறகு அந்தக் கரைப்பானை ஆவியாக்கி எடுத்துவிட்டு, கறுத்த பாகு மாதிரி ஒரு சாறு எடுக்கிறார்கள். ஓலியோரெசின் என்று பெயர். நூறு கிலோ மிளகுக்குச் சுமார் பத்துக் கிலோ வரும். உலகத்தின் சொசேஜ், சூப், சிப்ஸ் பைக்கற்றுகளில் காரம் சேர்ப்பது பெரும்பாலும் இந்த மாதிரிச் சாறுதான், மூட்டை மிளகு இல்லை. எங்கள் நாட்டு மிளகுக்கு அங்கே ஒரு தனி மதிப்பு உண்டு, பிப்பரின் என்ற காரச்சத்து அதில் கூட. மாத்தளையில் முற்றுவதற்கு முன் பறிக்கிற இலேசான மிளகை அவர்கள் வாங்குவது பார்வைக்கு அழகு என்பதற்காக இல்லை, சாறு எடுக்க.

இப்போது யோசியுங்கள், அந்த ஆலையில் நல்ல சம்பளம் யாருக்கு? மூட்டை தூக்குபவருக்கு இல்லை, பைக்கற் ஒட்டுபவருக்கும் இல்லை. பிப்பரின் எத்தனை வீதம், கரைப்பான் எவ்வளவு மிஞ்சியிருக்கிறது, பூச்சிமருந்து எச்சம் இருக்கிறதா, பூஞ்சண நஞ்சு இருக்கிறதா என்று பார்த்துக் கையெழுத்து வைக்கிற ஆளுக்கு. அவர் இரசாயனவியல் படித்தவர். உங்கள் மகள் பி எடுத்த பாடம் அண்ணை அது. நீங்கள் உயிரியல் சி என்று கவலைப்பட்டு எழுதியிருக்கிறீர்கள், அந்த பி பற்றி ஒரு வரியும் இல்லை.

இந்தப் பரிசோதனை வேலை ஏன் இவ்வளவு பெருத்தது என்பதற்கும் கதை இருக்கிறது. 2003இல் ஐரோப்பாவில் இந்திய மிளகாய்த்தூளில் சூடான் என்ற சாயம் கண்டுபிடித்தார்கள், மெழுகுக்கும் பொலிஷுக்கும் போடுகிற சாயம், சிவப்புக் கூடித் தெரிவதற்காக யாரோ கலந்திருக்கிறார்கள். அதற்குப் பிறகு மிளகாய் ஏற்றுமதிக்குச் சோதனை கட்டாயம் ஆயிற்று. 2024 ஏப்ரலில் ஹொங்கொங்கும் சிங்கப்பூரும் சில இந்திய மசாலாக்களை எத்திலீன் ஒக்சைட் என்ற வாயுவின் எச்சத்துக்காக நிறுத்தின. கிருமி கொல்லப் போடுகிற வாயு அது. ஒவ்வொரு தடவை இப்படி நடக்கும்போதும் ஆய்வுகூடத்தில் இன்னும் நாலு கதிரை கூடும். ஐரோப்பா செத்தல் மிளகாயில் பூஞ்சண நஞ்சுக்கு, அதாவது அஃப்லடொக்சினுக்கு, வைத்த எல்லை ஒரு கிலோவுக்கு 10 மைக்ரோகிராம். ஒரு கிராமை லட்சம் பங்காக்கினால் அதில் ஒரு பங்கு. கண்ணால் பார்த்தோ மணந்து பார்த்தோ இதைச் சொல்ல முடியாது. மெஷினும், அதை ஓட்டத் தெரிந்த ஆளும் வேண்டும்.

அப்படியானால் கொச்சிக்கே போய் அந்த மெஷினை ஓட்டலாமே என்பீர்கள். இங்கேதான் ஏஜென்சிக்காரர் சொல்லாத விசயம். இந்தியா வெளிநாட்டவருக்கு வேலை வீசா கொடுப்பது, அங்கே ஆள் கிடைக்காத திறமைக்குத்தான். சாதாரண உத்தியோகத்துக்கு இல்லை. அதோடு சம்பளத்துக்கும் ஒரு கீழ்க்கோடு உண்டு, வருடத்துக்கு 16 லட்சம் இந்திய ரூபாய்க்கு மேல் இருக்க வேண்டும். கேரளத்தில் இரசாயனவியல் பட்டதாரிகளுக்குப் பஞ்சமா? ஆறு மாத டிப்ளோமா முடித்த ஒரு பிள்ளைக்கு மாதம் ஒரு லட்சத்துக்கு மேல் சம்பளம் கொடுத்து வீசாவும் எடுத்துக் கொடுக்க எந்த முதலாளிக்கும் விசர் பிடிக்கவில்லை. மாணவர் வீசாவில் போய் அப்படியே வேலைக்கு மாறலாம் என்று அவர் சொன்னால் எழுதித் தரச் சொல்லுங்கள். புதுக்குடியிருப்புப் பக்கத்துப் பெடியன் ஒருவன் இப்படித்தான் இந்தியாவில் ஒரு கடற்கரை நகரத்துக்கு 'ஏற்றுமதி முகாமைத்துவம்' படிக்கப் போனான். தகப்பன் உழவு மெஷினை விற்றார். வகுப்பு வாரத்துக்கு இரண்டு நாள், மிச்ச நாள் பைக்கற் அடிக்கிற வேலை, கடைசியில் ஒரு சான்றிதழ், அதை இங்கே ஒரு இடமும் எடுக்கவில்லை. அந்தச் சான்றிதழை என் மேசையில் வைத்துவிட்டுப் பேசாமல் இருந்தான். நான் என்ன சொல்வது.

இந்தியாவில் படிப்பதே பிழை என்று நான் சொல்லவில்லை. ஒழுங்கான பட்டப்படிப்பாக இருக்க வேண்டும், ஒழுங்கான வழியால் போக வேண்டும். இந்திய அரசின் புலமைப்பரிசில்களுக்கு இங்கே விண்ணப்பம் கோருவார்கள், யாழ்ப்பாணத்தில் இந்தியத் துணைத்தூதரகம் இருக்கிறது, நேரே போய்க் கேட்கலாம், இடையில் தரகர் வேண்டாம். உணவுத் தொழினுட்பத்துக்குத் தஞ்சாவூரில் இந்திய மத்திய அரசின் நிறுவனம் ஒன்று உண்டு, கொச்சியில் கொச்சின் அறிவியல் தொழினுட்பப் பல்கலைக்கழகம் உண்டு. எதுவாக இருந்தாலும் பணம் கட்டும் முன் எங்கள் பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழு அந்தப் பட்டத்தை ஏற்குமா என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.

ஆனால் அதற்கும் முன், வீட்டு வாசலில் இருப்பதைப் பாருங்கள். விசுவமடுவில் பஸ் ஏறிப் பரந்தனில் மாறினால் கிளிநொச்சி அறிவியல்நகர். யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் விவசாய பீடமும் தொழினுட்ப பீடமும் அங்கேதான். அதே அறிவியல்நகரில் இலங்கை-ஜேர்மன் பயிற்சி நிறுவனம், 2016இல் திறந்தது, அங்கே உணவுத் தொழினுட்பம் படிப்பிக்கிறார்கள், என்.வி.கியூ. என்ற தேசிய தொழில் தகைமைச் சான்றிதழோடு. பல்கலைக்கழகம் கிடைக்காவிட்டால் எல்லாம் முடிந்தது என்று நினைக்கிற ஊர் இது, அதனால் அந்த வாசல் பலருக்குத் தெரியாது. ஏஜென்சிக்காரருக்குத் தெரியும், சொல்லமாட்டார்.

பல்கலைக்கழக விண்ணப்பத்தைப் பற்றி ஒரு விசயம், இதில்தான் எங்கள் பிள்ளைகள் அதிகம் விடுகிறார்கள். அனுமதி 40 வீதம் நாடு முழுவதற்குமான திறமை அடிப்படையில், 55 வீதம் மாவட்ட அடிப்படையில், மிச்சம் 5 வீதம் பின்தங்கிய மாவட்டங்களுக்கு மேலதிகமாக. உங்கள் முல்லைத்தீவு மாவட்டம் அந்தப் பின்தங்கிய பட்டியலில் இருக்கிறது. யாழ்ப்பாணத்துப் பிள்ளையின் வெட்டுப்புள்ளியைப் பார்த்து உங்கள் மகள் பயப்படக்கூடாது. போன வருடங்களில் முல்லைத்தீவுக்கு எது என்ன புள்ளியில் வெட்டியது என்பதைத்தான் பார்க்க வேண்டும். விருப்ப வரிசையில் விவசாயம் போடுங்கள். பதுளையில் ஊவா வெல்லஸ்ஸப் பல்கலைக்கழகத்தில் ஏற்றுமதி விவசாயம் என்றே ஒரு பட்டம் இருக்கிறது, மிளகு, கறுவா, கராம்பு எல்லாம் அதற்குள் வரும், அதையும் போடுங்கள். தூரம், சிங்களப் பக்கம் என்று யோசிப்பீர்கள். யோசியுங்கள், ஆனால் ஒன்றும் விளங்கிக்கொள்ளுங்கள்: இந்த நாட்டில் வாசனைத் திரவிய ஏற்றுமதி கொழும்பிலும் மாத்தளையிலும் காலிப் பக்கத்திலும்தான் ஓடுகிறது, அங்கே வேலைக்குப் போகிற பிள்ளைக்குச் சிங்களம் தெரிந்தால் சம்பளம் கூட, தெரியாவிட்டால் மூலையில் இருக்க வேண்டும். கேரளத்துக்குப் போய் மலையாளம் படிக்கத் தயார் என்றால் இதற்கு மட்டும் ஏன் முகம் சுளிப்பு?

மகளுக்கு ஆய்வுகூடம் பிடிக்கவில்லை என்றால் இதே துறையில் பத்திர வேலை இருக்கிறது. ஒரு கொன்டெய்னர் போவதற்கு எத்தனை கடதாசி! மிளகும் மிளகாயும் 0904, கறுவா 0906, கராம்பு 0907, இஞ்சி மஞ்சள் 0910. இந்தச் சுங்க இலக்கத்தைப் பிழையாகப் போட்டால் சரக்கு துறைமுகத்தில் கிடந்து நாளுக்கு நாள் தாமதக் கட்டணம் ஏறும். இந்தியாவோடு 2000ஆம் ஆண்டு நடைமுறைக்கு வந்த சுதந்திர வர்த்தக உடன்படிக்கையில் எங்கள் மிளகு வருடம் 2,500 தொன் வரி இல்லாமல் போகலாம், பிறகு 2017 டிசம்பரில் இந்தியா கிலோ 500 ரூபாய்க்குக் குறைந்த மிளகை உள்ளே விடமாட்டோம் என்றது. இப்படியானவற்றைத் தொடர்ந்து பார்த்து முதலாளிக்கு முன்கூட்டியே சொல்லக்கூடிய ஆளை எந்தக் கம்பெனியும் விடாது. இதற்கு வவுனியாப் பல்கலைக்கழகத்தின் வணிக பீடம் போன்ற வழிகள் உண்டு, ஆனால் அது வணிகப் பிரிவு எடுத்த பிள்ளைகளுக்கு. உங்கள் மகளுக்கு நான் அதைத் தள்ளமாட்டேன்.

கடைசியாக உங்கள் தோட்டம். விசுவமடுவும் முத்தையன்கட்டும் மிளகாயால் எழும்பிய காலம் உங்களுக்குத் தெரியும், தகப்பனார் சொல்லியிருப்பார். 1970களில் இறக்குமதி கட்டுப்பாட்டில் இருந்தது, செத்தல் விற்றுக் கல்வீடு கட்டினார்கள். 1977க்குப் பிறகு இறக்குமதியைத் திறந்ததும் எல்லாம் படுத்தது. இப்போது நாட்டுக்கு வரும் செத்தலில் பெரும்பகுதி இந்தியச் செத்தல். விலையில் அவர்களோடு மல்லுக்கட்டேலாது. ஆனால் ஈரம் 10, 11 வீதத்துக்குள் காயவைத்து, தாரோட்டில் பரப்பாமல், பூஞ்சணம் இல்லை என்று ஆய்வுகூடத் தாளோடு விற்கிற செத்தல் இங்கே எத்தனை பேரிடம் இருக்கிறது? நாலு வருடத்தில் அதைச் சரியாகச் செய்யத் தெரிந்த ஒருத்தி உங்கள் வீட்டிலேயே இருக்கலாம். நீங்கள் ஈடு வைக்க நினைக்கிற காணி அப்போது தேவைப்படும்.

புதன்கிழமை காலையில் அலுவலகத்தில் இருப்பேன். பெறுபேற்றுத் தாளும், ஏஜென்சிக்காரர் தந்த கடதாசி ஏதாவது இருந்தால் அதுவும் கொண்டு வாருங்கள். மகளையும் கூட்டிக்கொண்டு வாருங்கள். இவ்வளவும் நீங்கள் எழுதியதை வைத்து நான் சொன்னது. அவளுக்கு என்ன விருப்பம் என்று உங்கள் கடிதத்தில் ஓரிடத்திலும் இல்லை.