அரிசியில் ஆசனிக்: கேள்வி பதில்

வெள்ளவத்தை வாசகர்: எங்கள் சிவப்புப் பச்சையரிசியில் ஆசனிக் கிலோகிராமுக்கு 0.31 மில்லிகிராம் என்கிறது அறிக்கை. வரம்பு 0.2 அல்லவா?

பதில்: அறிக்கை சொல்வது மொத்த ஆசனிக்கை, கோடெக்ஸ் என்ற சர்வதேச உணவுத் தர அமைப்பின் வரம்போ அசேதன (காபன் சேராத) ஆசனிக்குக்கு மட்டுமே உரியது, அதுவும் தீட்டிய அரிசிக்கு 0.2, தவிட்டோடு கூடியதற்கு 0.35. உங்களுடையது தவிட்டோடு இருந்தால் மொத்தமே வரம்புக்குள் அடங்கிவிடுகிறது. தீட்டியதென்றால் மட்டும் வடிவங்களைப் பிரித்து அளக்கக் கேளுங்கள். மொத்தம் வரம்பைத் தாண்டியதால் மட்டும் அரிசியைக் குற்றஞ்சாட்டக் கூடாது. கருவிகளைச் சரிபார்க்க உதவும் 1568பி என்ற அமெரிக்கச் சான்று அரிசிமாவில் மொத்தம் 0.285, அசேதனம் 0.092; எஞ்சியதில் பெரும்பங்கு டி.எம்.ஏ. என்ற சேதன (காபன் சேர்ந்த) வடிவம்.

தெமட்டகொடை மாணவி: எவ்வாறு பிரிக்கிறீர்கள், ஐயா?

பதில்: அரைத்த மாவை 0.28 மோலார் நைத்திரிக் அமிலத்தில் 95 பாகை செல்சியஸில் 90 நிமிடம் வைத்து, வடித்த சாற்றை எதிரயன் பரிமாற்ற நிரலூடாகச் செலுத்தினால், வடிவங்கள் ஒன்றன்பின் ஒன்றாக வெளிவந்து அயனிகளைத் திணிவுப்படி எண்ணும் ஐ.சி.பி.எம்.எஸ். கருவியை அடைகின்றன. அசேதன வடிவங்கள் இரண்டில் ஆசனைட்டு, சூட்டில் மற்றதான ஆசனேற்றாக மாறக்கூடும் என்பதால் இரண்டையும் கூட்டி அசேதனம் என்று எழுதுகிறோம். கருவியின் ஆகன் வாயுவும் சாற்றிலுள்ள குளோரீனும் சேர்ந்த அயனியும் திணிவு 75இல் ஆசனிக்கைப் போலவே தோன்றும். ஆதலால், குளோரைட்டு எந்த நேரத்தில் வெளிவருகிறது என்று பார்க்காமல் கருவி வரையும் எந்த உச்சியையும் நம்பாதீர்கள்.

கொட்டாஞ்சேனை வாசகி: ரைஸ் குக்கரில் சமைத்தால் குறையுமா?

பதில்: நீர் முழுவதும் சோற்றிலேயே வற்றுவதால் பெரிதாகக் குறையாது. ஆறு முதல் பத்து மடங்கு நீரில் வேகவைத்துக் கஞ்சியை வடித்தால் அசேதன ஆசனிக் ஏறத்தாழ 40 முதல் 60 வீதம் குறையும். சில உயிர்ச்சத்துகளும் கஞ்சியோடு போய்விடும். சமைக்கும் நீரிலேயே ஆசனிக் இருந்தால் இந்தக் கணக்குச் செல்லாது.

மட்டக்குளி வாசகர்: சம்பாவில் மொத்தம் 0.26. வரம்பு மீறலா?

பதில்: முதற் பதிலை வாசியுங்கள்.

மருதானை வாசகர்: சிறுநீரக நோய்க்கு இதுதான் காரணமா?

பதில்: மருத்துவரிடம் கேளுங்கள், நான் அளப்பவன்.

பம்பலப்பிட்டி ஆய்வாளர்: சூடான அமிலத்தில் கந்தகம் சேர்ந்த டி.எம்.ஏ. வடிவம் சாதாரண டி.எம்.ஏ.யாக மாறிவிடுகிறதே. அதை மறைத்து வரம்பைப் பற்றிப் பேசுவது நியாயமா?

பதில்: மறைக்கவில்லை. நீரில் மூழ்கிய வயலில் கந்தகத்தால் உருவாகும் அவ்வடிவம் டி.எம்.ஏ.யைவிட நச்சுத்தன்மை மிக்கது. அமில முறை அதைக் காட்டாது. ஆனால் அசேதனத் தொகையை அது குழப்புவதில்லை. இன்றைய வரம்பும் அத்தொகைக்கே உரியது.

அதே ஆய்வாளர்: அப்படியானால் டி.எம்.ஏ.யைத் தீங்கற்றது என்று ஒதுக்குவது தவறுதானே?

பதில்: தவறுதான், அமிலச் சாற்றில் கிடைத்த டி.எம்.ஏ. எண்ணை வைத்து அப்படிச் சொல்லவே முடியாது. மாவை இரண்டாகப் பிரித்து, ஒரு பங்கை அமிலத்திலும் மற்றதை நடுநிலைக்கு அண்மித்த நிலையில் நொதியங்களாலும் பிரித்தெடுங்கள். எந்த எண் எந்தச் சாற்றிலிருந்து வந்தது என்பதை அறிக்கையிலேயே எழுதுங்கள்.