டர்பன் கரையில் ஃப்ளை தூண்டில்: எதை வாங்குவது?

சாட்ஸ்வொர்த்திலிருந்து ஒரு தம்பி கேட்கிறார்: எட்டாம் எண் ராடா, பத்தாம் எண்ணா? ஒன்றுதான் வாங்க முடியும் அண்ணா.

ஒன்பது. நீளமும் ஒன்பது அடி. இந்த எண் ராடின் பலம் என்று பலர் நினைக்கிறார்கள். உண்மையில் அது லைனின் எடை. முதல் 30 அடி லைன் எட்டாம் எண்ணில் சுமார் 13.6 கிராம், ஒன்பதில் 15.5, பத்தில் 18. ஃப்ளைக்கு, அதாவது இறகும் நூலும் சுற்றிய பொய் இரைக்கு, எடை என்று பெரிதாக ஒன்றும் இல்லை, லைன்தான் அதைத் தூக்கிக்கொண்டு போகிறது. ஈயம் கட்டி வீசிப் பழகிய கைக்கு இது பிடிபடக் கொஞ்ச நாளாகும். எட்டு நம் காற்றில் திணறும். பத்தைக் காலை முழுக்க வீசினால் தோள் விட்டுப்போகும். நம் கரையில் கிடைக்கும் ஷாட், கேரிக், சின்னப் பாரை மீன்கள் எல்லாவற்றுக்கும் ஒன்பது போதும். பணம் இடித்தால் ராடில் குறையுங்கள், லைனில் குறைக்காதீர்கள்.

ஃபீனிக்ஸ்: மிதக்கும் லைன் கையில் இருக்கிறது. போதுமா?

புளூ லகூனில், உம்கேனி முகத்துவாரத்துக்கு உள்ளே போதும். அலையடிக்கும் மணலில் போதாது. ஒவ்வொரு அலையும் அதைத் தூக்கிக் கரைப்பக்கம் தள்ளும். லைன் தொய்ந்துவிட்டால் மீன் கடித்ததே விரலுக்குத் தெரியாது. மெதுவாக அமிழும் இன்டர்மீடியட் லைன் வாங்குங்கள். கூடவே இடுப்பில் ஒரு கூடை வேண்டும், இழுத்த லைன் அதில் விழ. இல்லாவிட்டால் அலை அதைக் கணுக்காலில் சுற்றிவிடும். பிளாஸ்டிக் பேசின் ஒன்றில் துளை போட்டு பெல்ட்டில் கட்டினாலே வேலை நடக்கும்.

உம்ஷ்லாங்கா: கண்ணாடி கட்டாயமா?

கட்டாயம். வலது கையால் வீசுபவர் கடலைப் பார்த்து நின்றால் வடகிழக்குக் காற்று இடப்பக்கத்திலிருந்து வரும், ஃப்ளையைத் தலையிலிருந்து விலக்கிவிடும். காற்று தென்மேற்காகத் திரும்பினால் அதே ஃப்ளை முகத்துக்கு நேராக வரும். எனக்கு ஒருமுறை காது மடலில் இறங்கியது. இரண்டு அங்குலம் தள்ளியிருந்தால் கண். அந்தக் காற்றில் இடது தோளுக்கு மேலாக வீசுங்கள். மணலில் நிற்கும்போது சிலர் கரையைப் பார்த்துத் திரும்பி, பின்வீச்சில் விடுவார்கள். பாறைமேல் அதைச் செய்யவே கூடாது. கடலுக்கு முதுகு காட்டாதீர்கள்.

டொங்காட் தாத்தா ஒருவர்: பதின்மூன்று அடிக் கம்பில் ஈயம் கட்டி நூறு மீட்டர் வீசுகிறேன். நீங்கள் இருபது மீட்டருக்கு இத்தனை செலவு செய்கிறீர்கள். மீன் அங்கே இருக்க, இங்கே வீசி என்ன பயன்?

தாத்தா, மீன் அங்கே மட்டும் இல்லை. ஜூன், ஜூலையில் மத்தி வரும்போது நம்மவர்கள் கரைவலையில் இழுத்ததெல்லாம் எங்கேயிருந்து வந்தது? இடுப்பளவுத் தண்ணீரில் நின்று இழுத்த வலைதானே! அலை உடைந்து நுரைக்கும் இடத்துக்கும் மணலுக்கும் நடுவே ஒரு பள்ளம் ஓடும், அங்கே தண்ணீர் கொஞ்சம் கருத்துத் தெரியும். மடவைக் குஞ்சுகள் அதில் ஒதுங்கும். குளிர்காலத்தில் கேரிக் அவற்றைத் துரத்திக்கொண்டு முழங்கால் தண்ணீருக்கே வரும். உங்கள் ஈயம் அந்தப் பள்ளத்தைத் தாண்டிப் போய் விழுகிறது.

மறுபடி அவரே: காற்று அடித்தால் உங்கள் இருபதும் பத்தாகிவிடும்.

ஆகும், ஒப்புக்கொள்கிறேன். பலத்த காற்றில் உங்கள் கம்புதான் சரி, நானே அன்று ஃப்ளை ராடை எடுப்பதில்லை. ஆனால் காற்று எழும் முன், விடிந்து ஒரு மணி நேரம், பள்ளத்தின் ஓரத்தில் ஃப்ளையை வெட்டி வெட்டி இழுத்துப் பாருங்கள். பின்னால் தண்ணீர் புடைத்து வருவது கண்ணுக்கே தெரியும். அதைப் பார்த்துவிட்டு மறுபடி வாதாடலாம் தாத்தா.

வெருலம், இசிபிங்கோ, மறுபடி ஃபீனிக்ஸ்: எந்த ரீல்?

மூவருக்கும் ஒரே பதில். பிரேக் உப்புத் தண்ணீர் புகாதபடி மூடியிருக்க வேண்டும், லைனுக்கு அடியில் 200 மீட்டர் பின்நூல் கொள்ள வேண்டும். பிராண்டு கேட்காதீர்கள். வீட்டுக்கு வந்ததும் பிரேக்கை இறுக்கி, நல்ல தண்ணீரை மெதுவாக ஊற்றிக் கழுவுங்கள். குழாயைப் பீய்ச்சினால் உப்பு உள்ளே போகும். காய்ந்தபின் பிரேக்கைத் தளர்த்தி வையுங்கள்.

சாட்ஸ்வொர்த் அக்கா: ஷாட் மீன் நைலான் நரம்பை அறுத்துக்கொண்டே போகிறது.

முனையில் ஒரு சாண் மெல்லிய கம்பி கட்டுங்கள். 30 செ.மீ.க்குக் குறைந்ததை விட்டுவிடுங்கள், ஒரு நாளைக்கு நான்குதான். அக்டோபர், நவம்பரில் பிடிக்கவே கூடாது.

வெருலம்: எந்த ரீல் என்று சொல்லவில்லையே?

மேலே இருக்கிறது.

இசிபிங்கோ: என் பத்து வயது மகனும் வருவான். அவனுக்கும் கண்ணாடி வேண்டுமா?

அவனுக்கு முதலில் வாங்குங்கள், தொப்பியும். தூண்டில் முள்ளின் நாக்கைப் பிளையரால் நசுக்கிவிடுங்கள். முதல் சில நாள் முள்ளே வேண்டாம். லைன் நுனியில் ஒரு துண்டு கம்பளி நூலைக் கட்டிக் கொடுத்துப் புல்தரையில் வீசச் சொல்லுங்கள். இடி கேட்டால் மட்டும் ராடைக் கீழே போட்டுவிட்டு ஓடி வரச் சொல்லுங்கள், கார்பன் ராடில் மின்சாரம் பாயும்.