குதிரை மேல் கூன் விழுகிறது, 57 வயதில் சரிசெய்ய முடியுமா?

"வயது 57. மூன்று மாதமாகக் குதிரை ஏறப் பழகுகிறேன். நிமிருங்க நிமிருங்க என்று பழக்குபவர் கத்துகிறார். நிமிர்ந்தால் இடுப்பு வலிக்கிறது, ட்ராட் போட்டால் மறுபடி கூன். இந்த வயதில் சரியாகுமா? கேண்டர் எப்போது போகலாம்?" இதுதான் கேள்வி. ட்ராட் என்றால் நடைக்கு அடுத்த வேகமான துள்ளோட்டம், கேண்டர் அதற்கும் அடுத்த பாய்ச்சல்.

வயதைக் கேட்டு யாராவது சிரித்திருந்தால் அவர்களிடம் ஒன்று சொல்லுங்கள். ஜப்பானின் ஹிரோஷி ஹோகெட்சு 2012 லண்டன் ஒலிம்பிக்கில் குதிரையேற்றப் போட்டியில் இறங்கியபோது அவருக்கு 71 வயது. அவர் வாழ்நாள் முழுக்க ஏறியவர், நீங்கள் மூன்று மாதக்காரர் என்று உடனே ஒருவர் பின்னூட்டத்தில் வருவார். வரட்டும். ஒலிம்பிக்கா கேட்டீர்கள், நிமிர்ந்து உட்காரத்தானே கேட்டீர்கள்.

மன்னார்குடிப் பக்கம் என்று உங்கள் விவரத்தில் இருக்கிறது. கல்லாவிலோ மேசையிலோ முப்பது வருஷம் உட்கார்ந்த உடம்பு என்று வைத்துக்கொள்கிறேன். அப்படியானால் உங்கள் கூன் முதுகில் இல்லை, தொடை இடுக்கில் இருக்கிறது. நாற்காலியில் உட்கார்ந்து உட்கார்ந்து தொடையின் முன்பக்கத் தசை குறுகிவிடும். குதிரை மேல் கால் கீழே தொங்க வேண்டும். குறுகிய தசை விடாது. முழங்கால் மேலே ஏறும், பாதம் முன்னால் போகும், இடுப்பு பின்னால் உருளும், முதுகு வளையும். நாற்காலியில் உட்கார்ந்தது போலவே சேணத்திலும் உட்கார்ந்திருப்பீர்கள். அந்த நிலையில் "நிமிரு" என்றால் நமக்கு நினைவுக்கு வருவது ஸ்ரீரங்கம் சேஷராயர் மண்டபத் தூணில் தாவும் குதிரை மேல் இருக்கிற வீரன்தான். நெஞ்சைத் தள்ளுகிறோம். இடுப்பெலும்பு உருண்டபடியே கிடக்க, அதற்கு மேலே முதுகு மட்டும் உள்வாங்கும். வலி அங்கேதான் வருகிறது. பழக்குபவர் சொல்வது தப்பில்லை, சொல்லும் இடம்தான் தப்பு.

முதலில் தரையில் ஒரு சோதனை. மரபெஞ்சில் உட்கார்ந்து இரண்டு கையையும் பிட்டத்துக்கு அடியில் வையுங்கள். இரண்டு எலும்பு கையில் குத்தும். கூன் போட்டால் அவை முன்னே உருளும், நெஞ்சைத் தள்ளினால் பின்னே உருளும். நேர்கீழே குத்துகிற இடம் ஒன்று உண்டு. அதுதான் சேணத்தில் உங்களுக்கு வேண்டிய இடம். பக்கத்திலிருந்து பார்ப்பவருக்குக் காது, தோள், இடுப்பு, குதிகால் நான்கும் ஒரே தூக்குநூலில் தெரிய வேண்டும். கொத்தனார் குண்டு பிடிப்பது போல ஒருவரை நின்று பார்க்கச் சொல்லுங்கள், அல்லது போனில் வீடியோ எடுக்கச் சொல்லுங்கள்.

தசையை நீட்ட, ஒரு முழங்காலைத் தலையணை மேல் ஊன்றி, மறுகாலை முன்னே வைத்து மண்டியிடுங்கள். ஊன்றிய பக்கத்துப் பிட்டத்தை இறுக்கிக்கொண்டு உடம்பை இரண்டு அங்குலம் மட்டும் முன்னே நகர்த்துங்கள். 30 விநாடி, பக்கத்துக்கு மூன்று முறை, தினமும். இதில் எல்லோரும் கெடுப்பது ஓர் இடத்தில்தான்: பிட்டத்தை இறுக்காமல் இடுப்பை வளைத்துவிட்டு, நன்றாக நீள்கிறது என்று நினைத்துக்கொள்வது. அது நீட்டுவது உங்கள் முதுகுவலியை.

குதிகால் இறங்காமல் அங்கவடியில் (சேணத்திலிருந்து தொங்கும் கால்வளையம்) பாதம் தடுமாறுகிறது என்றால் திண்ணைப் படி போதும். தூணைப் பிடித்துக்கொண்டு, விரல்களுக்குப் பின்னால் உள்ள பாதத்தின் அகன்ற பகுதியைப் படி ஓரத்தில் வைத்துக் குதிகாலைக் கீழே விடுங்கள். முழங்கால் நேராக ஒருமுறை, லேசாக மடக்கி ஒருமுறை, ஒவ்வொன்றும் 30 விநாடி. அங்கவடியிலும் பாதம் வைக்க வேண்டிய இடம் அதுவேதான்.

தினமும் சம்மணம் போட்டுச் சாப்பிடுகிறவன், எனக்கு இடுப்பு இளக்கம்தான் என்பீர்கள். சம்மணம் நல்லதுதான். ஆனால் அது தொடையை வெளிப்பக்கமாகத் திருப்பப் பழக்குகிறது. குதிரை மேல் அதே பழக்கம் வந்தால் முழங்கால் பிரிந்து, கால்விரல் வெளியே பார்த்து, ஆடுதசையால் குதிரையைக் கவ்வுவீர்கள். கவ்வினால் அது வேகம் கேட்கிறீர்கள் என்று நினைத்து ஓடும். ஏறி உட்கார்ந்ததும் தொடைக்குப் பின்னால் கைவிட்டுச் சதையைப் பின்பக்கம் இழுத்துவிடுங்கள். முழங்கால் தானாக முன்னே பார்க்கும்.

பலத்துக்கு வாரம் மூன்று நாள், ஒருநாள் விட்டு ஒருநாள். கையை ஊன்றாமல் நாற்காலியிலிருந்து எழுந்து, மூன்று எண்ணி மெதுவாக உட்காருவது, பத்து தடவை, இரண்டு சுற்று. ட்ராட்டில் குதிரையின் தாளத்துக்கு ஏற்பச் சேணத்திலிருந்து எழுந்து எழுந்து உட்காருவதும் இதே வேலைதான். மல்லாந்து படுத்து, கால் மடக்கி இடுப்பைத் தூக்குவது பத்து. பழைய சைக்கிள் ட்யூப் ஒன்றை ஜன்னல் கம்பியில் கட்டி, முழங்கை விலாவை ஒட்டியபடி பின்னால் இழுப்பது பன்னிரண்டு, இரண்டு சுற்று. முன்னே விழும் தோளுக்கு இதைவிட மலிவான மருந்து கிடையாது. பல் தேய்க்கும்போது ஒற்றைக்காலில் 30 விநாடி. ஜிம்காரர்கள் இதெல்லாம் போதாது என்பார்கள். 25 வயதுக்குப் போதாது, சரி.

நான் டாக்டர் இல்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். இரண்டு பக்கமும் மந்தமாக வலித்து இரண்டு நாளில் போனால் அது தசைவலி. ஒரு பக்கம் மட்டும் வலித்து, முழங்காலுக்குக் கீழே இறங்கினாலோ மரத்தாலோ குதிரையை நிறுத்திவிட்டு டாக்டரைப் பாருங்கள். இரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுபவர் என்றால், விழுந்து தலையில் பட்டால் வலி இல்லாவிட்டாலும் நேரே ஆஸ்பத்திரிதான். பைக் ஹெல்மெட் இதற்கு ஆகாது. குதிரையேற்றத்துக்கென்று விற்பதை வாங்குங்கள், ஒருமுறை அடிவாங்கினால் மாற்றுங்கள். டிடி ஊசி போட்டிருக்கிறதா என்றும் பாருங்கள். குதிரைச் சாணம் கிடக்கும் மண்ணில் டெட்டனஸ் கிருமி இருக்கும்.

உடம்பை இவ்வளவு திருத்தியும் கூன் போகவில்லை என்றால் சேணத்தைச் சந்தேகப்படுங்கள். குதிரை சமதரையில் நிற்கும்போது உருண்டையான பென்சில் ஒன்றைச் சேணத்தின் இருக்கையில் குறுக்காக வையுங்கள். நடுவில் நின்றால் சரி. பின்னால் உருண்டால் சேணமே உங்களைப் பின்னுக்குத் தள்ளுகிறது, நீங்கள் எத்தனை ஆசனம் போட்டும் பலனில்லை. அங்கவடி வாரின் நீளத்துக்கு, விரல்நுனியை வார் தொடங்கும் கொக்கியில் வைத்தால் அங்கவடி அக்குள் வரை வர வேண்டும். எப்போதும் இடப்பக்கமே ஏறுவதால் இடது வார் நீளும். மாதம் ஒருமுறை இடம் மாற்றிப் போடுங்கள். ஏறுவதற்கு ஒன்றரை, இரண்டடி உயரத்தில் ஒரு சிமெண்டு மேடை கட்டிக்கொள்ளுங்கள். தரையிலிருந்து தொங்கி ஏறினால் உங்கள் இடுப்பும் முறுக்கும், குதிரையின் முதுகும் முறுக்கும்.

எடையும் கணக்குதான். குதிரையின் எடையில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் ஏற்றக்கூடாது என்பது பொதுவான வரம்பு. 350 கிலோக் குதிரை என்றால் சேணத்தோடு சேர்த்து 70. தொப்பை இருந்தால் மனசாட்சியோடு கணக்குப் போடுங்கள்.

ஓட்டும் இடத்தைப் பற்றிச் சொல்லாமல் விட முடியாது. தாளடி (இரண்டாம் போக நெல்) அறுத்த வயல் மாசி, பங்குனியில் வெடித்துக் கிடக்கும். குளம்பு சிக்கினால் கால் போயிற்று. வரப்பில் எலிவளை. மழை பெய்தால் களி வழுக்கும். மிஞ்சுவது ஜூன் 12 மேட்டூர் திறந்து தண்ணீர் வருவதற்கு முந்தைய ஆற்று மணல்தான். அதையாவது விட்டுவைத்தார்களா? கொள்ளிடத்தில் மணல் அள்ளிய பள்ளங்கள். மேலே பொருக்கு மணல், கீழே ஆழம். குதிரைக்கென்ன, குளிக்கப் போகும் பிள்ளைகளுக்கே அது குழி. யாரிடம் சொல்வது! படுகையில் இறங்குவதென்றால் முதலில் நடந்துபோய்ப் பாருங்கள். ஆழ மணலில் நடை மட்டும், ட்ராட் வேண்டாம், குதிரையின் கால் தசைநாண் தாங்காது. சித்திரை, வைகாசியில் காலை ஏழரைக்குள் முடித்துவிடுங்கள்.

மேலே ஏறியபின் பார்வையைக் குதிரையின் காதில் வைக்காதீர்கள். தலை குனிந்தால் தோளும் கூடவே வரும். எதிர்க் கொல்லைத் தென்னங்குருத்தைப் பாருங்கள். லகானில் தொங்க வேண்டாம், முழங்கையிலிருந்து குதிரை வாயிலுள்ள கடிவாளம் வரை ஒரே கோடாக இருக்கட்டும். இருபது நிமிட நடை, பிறகு மூன்று நிமிட ட்ராட், நடுவில் நடை, இப்படி மூன்று தடவை. வட்டத்தில் ட்ராட் போகும்போது குதிரையின் வெளிப்பக்க முன்னங்கால் முன்னே போகையில் எழ வேண்டும். சேணத்துக்கும் உங்களுக்கும் நாலு விரல் இடைவெளி போதும், கும்பிடு போடுவது போல முழுசாக எழுந்து நிற்க வேண்டாம்.

கேண்டர் கேட்டீர்கள். பத்து நிமிட ட்ராட்டில் லகானை ஒரு கையில் பிடித்து, மறுகையைத் தொடையில் வைத்து, பக்கத்தில் வருபவரோடு மூச்சுவாங்காமல் ஒரு முழு வாக்கியம் பேச முடிந்தால், அதற்கு அடுத்த வாரம் போகலாம்.