எந்த டிஎன்எஸ் வைக்கலாம்? கேளுங்க, சொல்றேன்

செந்தில்: அண்ணா, 8.8.8.8 போட்டா நெட் ஸ்பீடு ஏறுமா?

பதில்: ஏறாது. 8.8.8.8 கூகிளோட டிஎன்எஸ் சர்வர். சைட் பேரைக் கேட்டா அதோட ஐபி நம்பர், அதாவது நெட்ல அதோட முகவரி, சொல்றதோட டிஎன்எஸ்ஸுக்கு வேலை முடிஞ்சுது, டவுன்லோடு அது வழியா வர்றதில்ல. லைன்காரங்க (நெட் கனெக்‌ஷன் குடுக்கிறவங்க) டிஎன்எஸ் சர்வர் திணறுதுன்னா பேஜ் திறக்க ஆரம்பிக்கிறது லேட்டாகும், அது மட்டும் சரியாகும்.

கவிதா: 1.1.1.1 மாத்துனதுல இருந்து ஒரே ஒரு ஓடிடி மட்டும் சுத்திட்டே இருக்குங்க. மத்ததெல்லாம் ஓகே.

பதில்: இதுதாங்க கேள்வி. வீடியோ கம்பெனிங்க ஒரே படத்தை ஊர் ஊரா சர்வர்ல வச்சிருப்பாங்க, சில சமயம் உங்க லைன் கம்பெனிக்குள்ளயே. உங்களை எங்க அனுப்பறதுன்னு நிறைய பேர் டிஎன்எஸ் கேள்வி எங்கிருந்து வருதுன்னு பாத்துதான் முடிவு பண்றாங்க. லைன்காரங்க டிஎன்எஸ்னா உள்ள இருக்கிற சர்வரே கிடைச்சிடும். வெளி டிஎன்எஸ்னா கூகிள் உங்க ஐபியோட முதல் 3 எண்ணையும் சேத்து அனுப்பி சமாளிக்குது, 1.1.1.1 நடத்துற கிளவுட்ஃபிளேர் பிரைவசின்னு அதை அனுப்பறதில்ல. குவாட்9-ங்கிற இன்னொரு டிஎன்எஸ்ல 9.9.9.9 அனுப்பாது, 9.9.9.11 அனுப்பும். பழைய டிஎன்எஸ் போட்டு அதே படம் ஓடுதான்னு பாருங்க, ஓடுச்சுன்னா அதையே வச்சுக்கோங்க, ஒண்ணும் குறைஞ்சிடாது.

முருகேசன்: பழைய கதை சார். எனிகாஸ்ட் வந்தாச்சு, ஒரே நம்பருக்கு ஊர் ஊரா சர்வர், பக்கத்துல இருக்கறதுக்கு போயிடும். கிளவுட்ஃபிளேருக்கு சென்னையிலயே சர்வர் இருக்கு.

பதில்: எனிகாஸ்ட் உங்களை டிஎன்எஸ் சர்வர்கிட்டதான் கொண்டு விடும். அது கைகாட்டுற வீடியோ சர்வர் எங்க இருக்குங்கிறது வேற விஷயம். சென்னையில சர்வர் இருந்தாலும் லைன்காரங்க டேட்டா அனுப்பற வழி (ரூட்டிங்) மும்பை சுத்தினா நீங்களும் சுத்த வேண்டியதுதான்.

முருகேசன்: நெட்ஃப்ளிக்ஸ் டிஎன்எஸ் பாத்து சர்வர் குடுக்கறதே இல்ல. உங்க ஐபியைப் பாத்துதான் குடுக்குது.

பதில்: நெட்ஃப்ளிக்ஸ் அப்படித்தான், அதனாலதான் "நிறைய பேர்"னு எழுதினேன். மத்த கம்பெனிங்க வீடியோவை தங்க சர்வர்ல வச்சு அனுப்பற அகமாய் மாதிரி ஆளுங்க டிஎன்எஸ்ஸை நம்பித்தான் அனுப்பறாங்க. கவிதா எந்த ஓடிடின்னே சொல்லல, நீங்க ஏன் நெட்ஃப்ளிக்ஸுக்கு வக்காலத்து வாங்கறீங்க?

முருகேசன்: எனக்கு 4 மில்லிசெகண்ட்தான் வருது.

பதில்: அது டிஎன்எஸ் பதில் வர்ற நேரம். வீடியோ சர்வர் ஐபிக்கு பிங் போட்டு, போய் வர்ற நேரம் பாத்துட்டு வாங்க, பேசலாம்.

அருண்: ப்ரோ, கேம் பிங் குறையுமா?

பதில்: செந்திலுக்கு சொன்னதேதான்.

ராஜா: பசங்களுக்கு ஆபாச சைட் வராம பண்ணணும் சார்.

பதில்: கிளவுட்ஃபிளேரோட ஃபில்டர் டிஎன்எஸ் போடுங்க: முதல் பெட்டியில 1.1.1.3, அடுத்த பெட்டியில 1.0.0.3. அங்க போய் 8.8.8.8 போட்டுடாதீங்க! ரெண்டாவது நம்பர் ஸ்பேர் டயர் இல்ல, சிஸ்டம் இஷ்டத்துக்கு எதை வேணா கேக்கும், ஃபில்டர் ஓட்டை ஆயிடும்.

நசீமா: நான் எந்த சைட் போறேன்னு லைன்காரங்களுக்கு தெரியக்கூடாது.

பதில்: நம்பர் மட்டும் மாத்தினா பிரயோஜனம் இல்லம்மா. சாதாரண டிஎன்எஸ் கேள்வி போற போர்ட் 53-ல எல்லாம் பூட்டாமத்தான் போகுது, படிக்கலாம், நடுவுல திருப்பி அவங்க சர்வருக்கே விடலாம். ஆண்ட்ராய்டு 9-ல இருந்து பிரைவேட் டிஎன்எஸ் செட்டிங் இருக்கு, அதுல நம்பருக்கு பதிலா டிஎன்எஸ் சர்வரோட பேரைப் போடுங்க, கேள்வி பூட்டிட்டு போகும். ஆனா சைட்டுக்குள்ள போறப்ப பேரு பெரும்பாலும் வெளிய தெரியும், அதோட இப்ப உங்க லிஸ்ட் கூகிள் கையிலயோ கிளவுட்ஃபிளேர் கையிலயோ. யாரை நம்பறதுன்னு நீங்கதான் முடிவு பண்ணணும். திரும்பவும் சொல்றேன், கம்ப்யூட்டர்லயும் ரெண்டு கம்பெனி நம்பரை கலக்காதீங்க.

தினேஷ்: ஸ்டேஷன் வைஃபைல லாகின் பேஜே வரல.

பதில்: பிரைவேட் டிஎன்எஸ் ஆஃப் பண்ணுங்க, லாகின் ஆனதும் ஆன்.

பிரபு: அண்ணே, 8.8.8.8, 1.1.1.1 எது ஃபாஸ்ட்? ரெண்டையும் போடலாமா?

பதில்: மேல படிங்க தம்பி. ரெண்டு தடவை எழுதியாச்சு.

மாலா: மோடத்துல டிஎன்எஸ் மாத்துற இடமே காணோம்.

பதில்: சில லைன்காரங்க அதைப் பூட்டிதான் குடுப்பாங்க. போன், லேப்டாப்ல தனித்தனியா மாத்துங்க, இல்ல பின்னாடி சொந்த ரவுட்டர் ஒண்ணு மாட்டுங்க.